வெள்ளைத் தட்டுகள்

அத்தியாயம் 11

"இன்னிக்கு முப்பத்தெட்டுக்கா" என்றாள் தங்கை.

முந்தாநாள் செத்த கோழிகள் நான்கு. நேற்று பதினொன்று. போனில் வேறெதுவும் பேச அவளுக்குத் தெம்பில்லை. "டாக்டரம்மா பத்து மணிக்கு வராங்க. நீயும் வா. அத்தானையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்காள் போனைக் கையில் வைத்தபடியே பூஞ்சை வளர்க்கும் இருட்டறைக்குள் போனாள். மூன்று நாளாக இதே வேலைதான். அடுக்கு அடுக்காக இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள், டார்ச் அடித்தாள், ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. பஞ்சு மெத்தை மாதிரி வெள்ளை. பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி கிடையாது.

"நம்ம தீனியா இருக்காதுங்க" என்றாள் வாசலில் நின்ற கணவரிடம். "இவ்வளவு சுத்தமா இதுக்கு முன்னாடி விளைஞ்சதே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "வண்டியை எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மக்காச்சோளத்தில் மணியை உதிர்த்த பிறகு மிஞ்சும் தக்கை யாருக்கும் வேண்டாத குப்பை. வயலோரம் குவித்து எரித்துவிடுவார்கள். அந்தத் தக்கையைக் கோழித் தீனியாக்கும் கொட்டகையை இவர்கள் இருவரும் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடம் உதவியாளராக இருந்து, பேராசிரியர்களுக்குப் பூஞ்சை வளர்த்துக் கொடுத்தவள் அவள். பேக்கரி மூடிப்போனதால் வேலை இழந்தவர் அவர். இன்னமும் தெருவில் அவருக்கு ரொட்டிக்காரர் என்றுதான் பெயர். அவளுக்குப் பூசணக்காரி என்று பட்டம் கொடுத்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். "மத்த வீட்டுல பூசணம் பிடிச்சா துடைச்சுப் போடுவாங்க. இந்த வீட்டுல தட்டு போட்டு உபசாரம் பண்றாங்க" என்று அவர் சொன்னபோது, அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

வேலை என்னவோ எளிமையானதுதான். தக்கையை நொறுக்கி ஊறவைத்து, பெரிய டிரம்மில் ஆவியில் வேகவைப்பார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அவள் வளர்த்து வைத்திருக்கும் பூஞ்சை வித்தைத் தூவித் தட்டுகளில் பரப்புவார்கள். ஏழு நாளில் வெள்ளை நூல்கள் ஓடி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கோழிக்குச் செரிக்காத நாரைப் பூஞ்சை தின்று, தன் உடம்பையே சத்தாகக் கொடுத்துவிடும். காயவைத்துப் பொடித்து, வழக்கமான தீனியில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் போதும்.

ஆனால் பூசணத்தைத் தின்னக் கொடுக்கிறாள் என்று ஊரே முகம் சுளித்தது. யாரும் வாங்கவில்லை. அப்போது வந்து முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவள் தங்கைதான். "என் கோழிக்கு நான் போடுறேன். என் அக்கா எனக்கு விஷமா கொடுப்பா?" என்று கடைத்தெருவில் நின்று சத்தமாகவே கேட்டாள்.

*

தங்கையின் பண்ணைக் கொட்டகை அன்று அமைதியாக இருந்தது. மற்ற நாட்களில் வண்டிச் சத்தம் கேட்டாலே அறுநூறு கோழிகளும் ஒரே நேரத்தில் கொக்கரித்து, பேசுவதே காதில் விழாது. "என் வீட்டுல நான்தான் வாயாடின்னு நெனச்சேன், எனக்கு மேல அறுநூறு பேர்" என்று தங்கையின் கணவன் கிண்டல் செய்வான். லாரி ஓட்டுகிறவன். நான்கு நாளாக ஊரில் இல்லை. அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டு மூலை மூலையாக ஒடுங்கியிருந்தன. சில நின்றபடியே கண்ணை மூடியிருந்தன.

கொட்டகைக்குப் பின்னால், டாக்டர் பார்க்க வேண்டும் என்பதற்காக நேற்றுச் செத்தவற்றையும் புதைக்காமல் குழியோரம் வைத்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. திருப்பத்திலேயே நாற்றம் மூக்கில் அறைந்தது. டாக்டரம்மா மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டார். தங்கை துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். அக்காள் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் கண்ணில் நீர் வந்தது.

டாக்டரம்மா ஒரு கோழியைப் பலகையில் கிடத்தி, மார்பைப் பிளந்தார். கையுறை போட்ட விரலால் ஈரலை எடுத்துக் காட்டினார்.

"ஈரல் கருஞ்சிவப்பா, கெட்டியா இருக்கணும். இதைப் பாருங்க. மஞ்சளா இருக்கு. தொட்டா உதிருது. தோலுக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு." அடுத்த கோழியையும் பிளந்தார். அதுவும் அப்படித்தான். "தொத்து நோய் மாதிரி தெரியல. தீனிதான். பூசண நஞ்சு."

பூசணம் என்ற சொல் விழுந்ததும் தங்கை மெல்லத் திரும்பி அக்காளைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"டாக்டரம்மா, அக்கா வளர்க்கிறதே பூசணந்தான்."

"அது வேற, இது வேறடி" என்றாள் அக்காள் அவசரமாக. "நான் வளர்க்கிறது நஞ்சு விடாத வகை. மூணு வருஷமா அதைத்தானே போடுறே. தட்டு எல்லாம் காலையிலதான் பார்த்தேன், ஒரு புள்ளி..."

"என்கிட்ட ஏன் பாடம் நடத்துறே?" தங்கையின் குரல் உடைந்தது. "செத்தது என் கோழி. குஞ்சா வந்தப்போ ராத்திரியெல்லாம் விளக்கு வெச்சுக் காபந்து பண்ணினது நான். உன் தட்டு எவ்வளவு வெள்ளையா இருந்தா எனக்கென்ன?"

டாக்டரம்மா இருவருக்கும் நடுவில் வந்தார். "சண்டை அப்புறம். அந்தத் தீனியை இப்பவே நிறுத்துங்க. வேற தீனி வாங்கிப் போடுங்க. சத்து மருந்து எழுதித் தரேன், தேறுறது தேறும். தீனி சாம்பிள் கொடுங்க, லேபுக்கு அனுப்புறேன். முட்டை ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது. நீங்களும் சாப்பிடாதீங்க. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கும் சொல்லிடுங்க."

தங்கை குழியோரம் பார்த்தாள்.

அங்கே ரொட்டிக்காரர் நின்றிருந்தார். செத்த கோழிகளுக்கு முன்னால், ஒரு கை தூரத்தில். குனிந்து ஒன்றின் இறக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் துணியில்லை. கை கூட மூக்குக்குப் போகவில்லை. தோளில் துண்டு சும்மா கிடந்தது.

"அத்தானைப் பாருக்கா" என்றாள் தங்கை. "மூக்கைப் பொத்தக்கூடத் தோணாம நிக்கிறார். அவருக்கு இருக்கிற வருத்தத்துல பாதிகூட உனக்கு இல்ல."

அக்காள் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் உடன் வாழ்ந்தவள். சாக்கடை அடைத்தால் தெருமுனையிலேயே முகத்தைச் சுளிக்கும் மனிதர். அடுத்த தெருவில் யார் வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் சொல்லிவிடுவார். அந்த மூக்குக்கா இந்த நாற்றம் ஒன்றும் செய்யவில்லை?



*

திரும்பும் வழியெல்லாம் அவள் மனம் மட்டும் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ரொட்டி சுடுவாரே, அதை நிறுத்தி எத்தனை மாதமாகிறது? கேட்டபோது, "அலுத்துப்போச்சு" என்றார். சாப்பாட்டில் கை நிறைய உப்பைப் போட்டுக்கொள்கிறார். புதுச் சோப்பு வாங்கி வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம் கேஸ் கசிந்தபோது, அடுப்பருகில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவர். ஓடிவந்து மூடியவள் அவள்.

கொட்டகையில் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டு அவளுடையது. மூட்டையும் அதை மெஷினில் கொட்டி நொறுக்குவதும் அவருடையது; சரக்கு அறைப் பக்கம் அவள் போவதே இல்லை. தக்கை மூட்டை வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் வாயையும் அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்வார். ஈர மண் மாதிரி, பழைய சாக்கு மாதிரி லேசாக ஒரு வாடை இருந்தாலும் அந்த மூட்டை திரும்பிப் போய்விடும். "புளிச்ச மாவையும் கெட்ட மாவையும் பதினெட்டு வயசுல இருந்து பிரிச்ச மூக்கு இது" என்பார்.

இந்த மழைக்காலத்தில் ஒரு மூட்டைகூடத் திரும்பிப் போகவில்லை. அறுவடை நேரத்தில் பத்து நாள் விடாமல் மழை பெய்தும்.

வண்டி நின்றதும் அவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகச் சரக்கு அறைக்குப் போய், ஒரு மூட்டையைக் கவிழ்த்தாள். தக்கைகள் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தாள். உள்ளே நடுத்தண்டு முழுக்க மஞ்சள் கலந்த பச்சைத் தூள். ஊதினால் பறந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. அறை முழுக்க மக்கல் வாடை. அவளுடைய சாதாரண மூக்குக்கே எட்டியது.

இனி லேப் சொல்ல வேண்டியதில்லை. ஆவியில் வைத்தால் இந்தப் பச்சைப் பூசணம் செத்துவிடும். அது கக்கிவிட்டுப் போன நஞ்சு சாகாது. அதன் மேல் அவளுடைய வெள்ளைப் பூஞ்சை அழகாக விளைந்திருக்கிறது. மேலே பார்த்தால் என்ன தெரியும்?

அவர் வாசலில் வந்து நின்றார். அவள் இன்னொரு தக்கையை உடைத்து, பச்சை தெரியாதபடி கையால் மூடி, அவர் முகத்தருகே நீட்டினாள்.

"இது எப்படி இருக்குங்க?"

அவர் வழக்கம்போலக் குனிந்தார். மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்து, தக்கையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்து விடைத்தாளை எட்டிப் பார்க்கும் பிள்ளையைப் போல, பதிலை அங்கே தேடினார்.

அவள் முகத்தை அசைக்கவில்லை.

"நல்லா... நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அவள் கையைத் திறந்து காட்டினாள்.

 அவர் கவிழ்ந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ இருந்து?"

"நாலு மாசம் ஆச்சு. ஒரு நாள் காலையில எழுந்து டீ குடிக்கிறேன், வெறும் சுடுதண்ணி மாதிரி இருக்கு. சளின்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னு எத்தனை தடவை வந்தேன் தெரியுமா?" அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேக்கரி போனப்போ அடுப்பு போச்சு, மாவு போச்சு, கூட இருந்தவங்க போனாங்க. இந்த மூக்கு மட்டும்தான் என்கூட வீட்டுக்கு வந்துச்சு. பூஞ்சை உன்னோடது, படிப்பு உன்னோடது. மூக்கும் போச்சுன்னா இந்தக் கொட்டகையில நான் யாரு? மூட்டை தூக்குறவன்."

"மூட்டை தூக்குறவரா மட்டும் இருந்திருந்தா அவ கோழி பொழச்சிருக்கும்."

சொன்ன பிறகுதான் அதன் கூர் அவளுக்கே தெரிந்தது. திருப்பி எடுக்க முடியவில்லை. அவரும் மறுக்கவில்லை. "ஆமா" என்றார்.

பிறகு அவரே எழுந்து இருட்டறைக்குப் போனார். உள்ளே விளைந்து நின்ற தட்டுகளும் இதே தக்கைதான். ஒவ்வொரு தட்டாகத் தூக்கிவந்து கொல்லைப்புறக் குழியில் கொட்டினார். வெள்ளை மெத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பாதிக்கு மேல் அவளும் வந்து ஒரு பக்கம் பிடித்தாள்.  ஒருவர் முன்னால் நடக்க ஒருவர் பின்னால் நடந்தார்கள், கட்டில் தூக்குகிறவர்களைப் போல.

கடைசித் தட்டும் காலியானதும் அவள் சொன்னாள்:

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். என் வித்து கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுறேன். எப்படியும் அவ அப்படித்தான் நெனக்கிறா. நீங்க ஒண்ணும் வாய் திறக்க வேண்டாம்."

"வேண்டாம்."

"ஏங்க..."

"உன் பூஞ்சை சுத்தமா இருந்தது. அதும்மேல பழி போடாதே." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது ஒண்ணுதான் இதுல சுத்தமா இருந்தது."

*

சாயங்காலம் அவர்கள் போனபோது தங்கை கொட்டகை வாசலில் முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

தோண்டிய குழி. பக்கத்தில் அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். ஒரு முட்டையை எடுப்பாள், குழி விளிம்பில் தட்டுவாள், உள்ளே விடுவாள். அடுத்தது. முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம். மஞ்சள் கருக்கள் மண்ணில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"வாங்கினவங்களுக்கெல்லாம் போன் போட்டாச்சு" என்றாள் நிமிராமலே. "ஒருத்தர் திட்டினார். ஒரு அம்மா பாவம்னாங்க. திட்டினதே தேவலாம்னு இருந்துச்சு."

அக்காள் அவளருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு முட்டையை எடுத்தாள். தங்கை தடுக்கவில்லை.

ரொட்டிக்காரர் நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மூட்டை, மழை, தக்கைக்குள் இருந்த பச்சை, நாலு மாதமாக நடித்த நடிப்பு, எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னார். "உன் அக்கா மேல தப்பில்லம்மா. அவளுக்கே இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும். கெட்டுப்போனது அவ தட்டு இல்ல. நான்" என்று முடித்தார்.

தங்கையின் கையிலிருந்த முட்டை உடையாமல் அப்படியே நின்றது.

"தெரியாம நடந்திருந்தா மன்னிச்சுடுவேன் அத்தான்" என்றாள். "தெரிஞ்சேதானே கையை விட்டு எடுத்து மோந்து பார்த்தீங்க? ஒவ்வொரு மூட்டையும்?"

"ஆமாம்மா."

"நான் எதிர்ல நின்னிருக்கேன். ஒரு நாள், 'அத்தான் மூக்குக்கு ஒரு சலாம்'னு சொல்லிச் சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க."

அவர் தலை குனிந்திருந்தது.

"இப்போ என்னால உங்க முகத்தைப் பார்க்க முடியல. வீட்டுக்குப் போங்க. அக்கா இருக்கட்டும்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார். நாலடி நடந்திருப்பார். வாசற்படியில் கால் தடுக்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக மூடி, நெற்றியைக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டார்.

தங்கை அதைப் பார்த்தாள். கோபம் கோபமாகவே இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களா அத்தான்?"

"பார்த்தேன்."

அக்காள் திடுக்கிட்டு எழுந்தாள். "எப்போ? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"மழைக்கு முன்னாடி. சளி மருந்து தருவார்னு போனேன். வாசனை சும்மா போகாதுன்னார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்." சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள் நான்காய் மடித்த ஒரு தாள். மடிப்பு கிழிகிற அளவுக்குப் பலமுறை பிரித்து மடித்திருக்க வேண்டும்.

அவள் முட்டைக் கை படாமல் விரல் நுனியால் வாங்கினாள். ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடம் இருந்தவளுக்கு அந்தக் கிறுக்கலைப் படிப்பது கஷ்டமில்லை. தலைக்கு ஸ்கேன். உடனே. அடியில் இரண்டு கோடு.

"தலைக்கு எதுக்குங்க?"

"மூக்குக்குப் பின்னால, மூளைகிட்ட ஏதாவது அழுத்துதான்னு பார்க்கணுமாம். வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னார்." அவர் கம்பத்தை விடவில்லை. "ஸ்கேன் எடுத்தா உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோகுமேன்னு..."

தங்கை எழுந்து வந்தாள். கையிலிருந்த முட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அட்டையிலேயே திரும்ப வைத்தாள். கொட்டகைக்குள் போய், தான் உட்கார்ந்து முட்டை எண்ணும் ஸ்டூலைத் தூக்கிவந்து அவர் பின்னால் போட்டாள். முகத்தைப் பார்க்காமலேயே, "உட்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.

"டாக்டர் வேற என்ன கேட்டார்?" அக்காளின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"தலைவலி உண்டான்னு கேட்டார். காலையில எழுந்ததும் வாந்தி வருதான்னு கேட்டார். கண்ணு சில சமயம் மங்குதான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"நெஜமாவே இல்லையா?"

அவர் நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டார். தங்கை சட்டென்று உள்ளே ஓடி, வண்டிச் சாவியை எடுத்து வந்தாள்.